இடுப்பில் ஒரு சாட்சி

கண்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்று புகை விட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே எம்-எய்ட்டி மொபெட்டை நெளித்து வளைத்து, ராயபுரம் வங்கக்கடல் மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் அத்தாவுல்லாவுக்கு வேர்த்து விறுவிறுத்துவிட்டது.

பின்னால் உட்கார்ந்துவந்த துப்பறியும் நிபுணர் கார்குழலிக்கு மட்டும் முந்தானைகூடக் கசங்கவில்லை. அதெப்படி என்று மூன்று வருடமாக அவனும் துப்பறிந்துகொண்டுதான் இருக்கிறான். விடை கிடைத்தபாடில்லை.

"மணி என்ன?" என்றாள் கார்குழலி.

"ரெண்டரைக்கா. நாலு மணிக்கு சாராவோட சீட்டைக் கிழிச்சிடுவாங்க. ஒன்றரை மணி நேரத்துல நாம இன்னாத்த கண்டுபுடிக்கிறது? கேன்டீன் எந்தப் பக்கம்னு கண்டுபுடிக்கவே அரை மணி ஆவும்."

"அதை நீ வண்டி நிறுத்தறதுக்கு முன்னாடியே மோப்பம் பிடிச்சிருப்பியே."

பிடித்துத்தான் இருந்தான். இடது பக்கம், பஜ்ஜி வாசனை. ஆனால் இன்றைக்கு அந்தப் பக்கம் கால் போகவில்லை. சாரா விஷயத்தில் அவனுக்கு ஒரு கடன் உண்டு.

போன வருஷம் விம்கோ நகர் ரயில்வே கேட்டில் வண்டியோடு விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, மூன்றாம் வார்டில் மூன்று வாரம் அவனைக் கட்டி மேய்த்தவள் நர்ஸ் சாரா. தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த மாத்திரைகளையெல்லாம் கண்டுபிடித்து, மூக்கைப் பிடித்து விழுங்க வைத்தவள். டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு மனதில் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று அவன் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் வந்து, "பாத்துப் போங்க அண்ணா" என்றாள். விஷயம் அத்தோடு முடிந்தது. நன்றி மட்டும் அப்படியே இருக்கிறது.

வழக்கு இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த மருத்துவமனை நவீனமாகிவிட்டது. டாக்டர், நர்ஸ், நிர்வாக அதிகாரி என்று பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பேஜர். தீப்பெட்டியை இரண்டாக அடுக்கின அளவில் ஒரு கறுப்பு டப்பா, இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டியது. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் பேஜர் சென்டருக்கு போன் போட்டு, அவருடைய பேஜர் நம்பரையும் சேதியையும் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷத்தில் அந்த டப்பாவின் குட்டித் திரையில் சேதி ஓடும்.

முந்தாநாள் சாயங்காலம் நாலு பத்துக்கு மூன்றாம் வார்டில் அருள்நாதன் என்ற துறைமுகக் கிரேன் ஆபரேட்டருக்கு நெஞ்சு வலி. சாரா டியூட்டி டாக்டர் எழிலனுக்கு பேஜர் அடித்தாள். டாக்டர் வரவில்லை. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, ஆக்சிஜனும் மாட்டிவிட்டு, கடைசியில் வராந்தாவில் நின்று அவள் போட்ட கூச்சலில் டாக்டர் கேன்டீனிலிருந்து கடித்த பஜ்ஜியோடு ஓடிவந்தார். அதற்குள் இருபது நிமிஷம் போய்விட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் சாரா பேஜரே அடிக்கவில்லை என்று நிர்வாக அதிகாரி பரசுராமன் மெமோ கொடுத்துவிட்டார். இன்று நாலு மணிக்கு விசாரணை.

சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் சாரா காத்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"டாக்டர் பேஜரைப் பாத்தாங்கக்கா. என் மெசேஜே அதுல இல்ல. சென்டர்ல கேட்டா, பழைய மெசேஜெல்லாம் வச்சிக்கறதில்லம்மான்னு கைய விரிச்சிட்டாங்க. கவனக்குறைவுன்னு எழுதி அனுப்பிட்டா வேற எந்த ஆஸ்பத்திரியும் என்னைச் சேத்துக்காது. நிஜமாவே அடிச்சேனான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்குக்கா."

"அழாதே. சென்டர்ல என்ன சொன்னே? ஒரு வார்த்தை பிசகாம சொல்லு."

சாரா கண்ணை மூடிக்கொண்டாள். "பேஜர் நம்பர் ஏழு. பெட் ஃபோர்ட்டீன், செஸ்ட் பெயின், கம் அட் ஒன்ஸ்."

கார்குழலி மெமோவை வாங்கி இரண்டு தடவை படித்தாள். அப்புறம் அத்தாவுல்லாவிடம் நீட்டினாள். 'மூன்றாம் வார்டு பதினான்காம் எண் படுக்கையிலிருந்த நோயாளிக்கு நெஞ்சு வலி ஏற்பட்டும், மருத்துவரை அழைக்கத் தவறிய தங்கள் மீது...' என்று போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. 'தங்கள்' என்று மரியாதையாகத் திட்டுகிறார்களே என்று மட்டும் தோன்றியது.

டாக்டர் எழிலன் ஓய்வறையில் இருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பேஜரைத் தானே கழற்றிக் கொடுத்தார்.

"பாருங்க மேடம், பொய் சொல்லல. ஒண்ணுமே வரல."

டப்பாவின் ஓரத்தில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது. கார்குழலி பொத்தானை அமுக்கினாள். திரை காலி. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் காலி.

"டாக்டர், முந்தாநாள் மெசேஜ் மட்டுமா இல்ல? நேத்து மெசேஜும் இல்ல. போன வார மெசேஜும் இல்ல. எத்தனை நாளா இப்படி?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். "ஒரு ஒம்பது நாளா அடிக்கல மேடம். முன்னெல்லாம் சோத்துல கைய வச்சா அடிக்கும், பாத்ரூம் போனா அடிக்கும். இப்ப நிம்மதியா இருக்கேன். நர்ஸெல்லாம் நல்லா வேலை கத்துக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

"ஒரு டியூட்டி டாக்டரை ஒம்பது நாளா ஒருத்தரும் கூப்பிடல, உங்களுக்கு சந்தேகமே வரல?"

"வந்தது மேடம். கேட்டா மறுபடியும் அடிக்க ஆரம்பிச்சிடுமோன்னு பயம்."

வெளியே வந்ததும் அத்தாவுல்லா சொன்னான்: "இன்னாக்கா இது, அந்தாளு நம்பருக்கு ஒரு மெசேஜ் அடிச்சிப் பாத்தா ரிப்பேரா இல்லியான்னு தெரிஞ்சிடப் போவுது."

"அடிக்கத்தான் போறேன். இப்ப இல்ல. இப்ப அடிச்சா எங்கேயோ ஒரு மூலைல சத்தம் கேக்கும், அதுக்கு சாட்சி நீயும் நானும்தான். உன்னை யார் நம்புவா?"

"உங்களை நம்பலாமில்ல?"

"உன்கூட வந்தா என்னையும் நம்ப மாட்டாங்க. வா."

மூன்றாம் வார்டில் அருள்நாதன் ஜம்மென்று சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பத்தியச் சாப்பாட்டின் மேல் அவருக்கு இருந்த கோபத்தில் நெஞ்சு வலியெல்லாம் பறந்திருந்தது.

"கஞ்சி குடுக்கறாங்கம்மா, கஞ்சி! காசிமேட்டுல பொறந்தவனுக்கு ஒரு துண்டு மீனு கண்ணுல காட்டல. அந்தப் பொண்ணு சாரா இல்லன்னா நான் இன்னேரம் காசிமேடு கல்லறைல கெடப்பேன். அத்தப் போயி வேலைய வுட்டுத் தூக்கறேன்றானுங்க. வரட்டும், நான் கேக்கறேன்."

கார்குழலி அவர் தலைக்கு மேல் சுவரில் இருந்த நம்பரைப் பார்த்தாள். பன்னிரண்டு.

"உங்க பெட் பதினாலு இல்லையா?"

"அது மொதல்ல. ஃபேன் ஓடல, வேர்த்து ஊத்துது. முந்தாநாளு மூன்றரைக்கு நம்ம சொக்கம்மா இங்க இட்டுகினு வந்து படுக்க வச்சது. வலி வந்தப்ப நான் இங்கதாம்மா கீறேன்."

படுக்கைக் காலில் தொங்கின அட்டையிலும் பன்னிரண்டு. வார்டு ரிஜிஸ்டரிலும் பன்னிரண்டு. சாரா கொடுத்த விளக்கக் கடிதத்தின் நகலிலும், ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதினதால், பன்னிரண்டு. கார்குழலியின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. தனக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் அத்தாவுல்லாவுக்கு உறுதியாகத் தெரியவரும்.

ஆயா சொக்கம்மாள் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வியாசர்பாடியிலிருந்து இருபது வருஷமாக இங்கே வேலைக்கு வருகிறவள். பேஜர் என்றதும் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"பேரப் பாரு, பேஜராம். பேஜாருன்னு வச்சிருக்கலாம். மின்னாடியெல்லாம் மாடிப்படில நின்னு ஒரு கொரல் குடுத்தா டாக்டரு வந்துடும். இப்ப ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்கறதில்ல. இடுப்பப் பாத்துகினு நடக்கறாங்க. டப்பாவ அடிச்சிட்டு, டாக்டரு வரலன்னா, 'சொக்கம்மா, போயி இட்டுகினு வா'ன்னு என்னியத்தான் தொரத்தறாங்க. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி மாடி ஏறி எறங்கறேன் தெரியுமா? நான்தாம்மா பேஜரு."

"முந்தாநாள் நாலு மணிக்கு நீங்க எங்கே போனீங்க?"

"பேத்திக்கு இஸ்கூல்ல ஊசின்னு மூணே முக்காலுக்கு பர்மிசன் போட்டுப் போய்ட்டேன்." சொக்கம்மாளின் குரல் இறங்கியது. "நான் இருந்திருந்தா அந்தப் பொண்ணுக்கு இந்தக் கதி வராது."

"ஆயுத பூஜை எப்ப நடந்தது?"

அத்தாவுல்லா கார்குழலியைத் திரும்பிப் பார்த்தான். வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று சந்தேகமாக இருந்தது.

"ஒம்பது நாளாச்சு. நான்தான் தாம்பாளத்துல எல்லாத்தயும் வச்சேன். கத்திரிக்கோலு, டெதஸ்கோப்பு, பிரசர் மிசினு, பன்னெண்டு பேஜரு, அல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். பூசை முடிஞ்சி பொரி கடலையோட அவங்கவங்க டப்பாவ அவங்கவங்களுக்குக் குடுத்தேன்."

"பன்னெண்டும் ஒரே மாதிரி கறுப்பு. எது யாருதுன்னு எப்படித் தெரிஞ்சது?"

"அது கஷ்டமில்லம்மா. நர்ஸ் பொண்ணுங்கல்லாம் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வச்சிருக்கும். சாரா வேளாங்கண்ணி மாதா ஒட்டி வச்சிருக்கு. பெரிய டாக்டரம்மாவோடதுல நூலு கட்டியிருக்கு. ரெண்டே ரெண்டுதான் மொழுக்குன்னு கெடந்திச்சி. அதுல ஒண்ண எடுத்து..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"போதும் சொக்கம்மா," என்றாள் கார்குழலி. "மீதியை நாலு மணிக்குச் சொல்லலாம்."

பெரிய டாக்டரம்மா எழில்மொழியின் அறையில் ஒரு நீள ஸ்டீல் மேஜை. மருத்துவமனை அவருடையது, அறுபது வயது, அதிகம் பேசமாட்டார். அவர் பக்கத்தில் சஃபாரி சூட்டில் பரசுராமன். தலைமுடி கறுகறுவென்று மின்னியது. காது மடலிலும் கொஞ்சம் கறுப்பு மின்னியதை அத்தாவுல்லா கவனித்தான். எதிரே டாக்டர் எழிலனும் சாராவும். கதவோரம் சொக்கம்மாள், முந்தானையைக் கையில் பிடித்தபடி. மேஜையில் ஆறு டம்ளர் டீ.

"இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார் பரசுராமன். "பேஜர் பொய் சொல்லாது. மெசேஜ் வரல. அப்படின்னா அனுப்பல."

"பேஜர் பொய் சொல்லாது சார். அதையேதான் நானும் சொல்றேன்," என்றாள் கார்குழலி. "டாக்டரம்மா, உங்க போன்ல ஒரு மெசேஜ் அனுப்பலாமா?"

டாக்டரம்மா போனை நகர்த்தி வைத்தார். கார்குழலி எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"பேஜர் நம்பர் ஏழு. மெசேஜ்: டியூட்டி டாக்டர், வேர் ஆர் யூ? ஆமாம்மா, அவ்வளவுதான். ஒரு அஞ்சு தடவை அனுப்புங்க. கூப்பிட்டா வர்ற பழக்கம் அவருக்கு இல்ல."

டாக்டர் எழிலன் தன் பேஜரைக் கழற்றி மேஜை நடுவில் வைத்தார். எல்லோரும் அதையே பார்த்தார்கள். அரை நிமிஷம் ஆனது. ஒரு நிமிஷமும் ஆனது. டப்பா அசையவில்லை. அத்தாவுல்லா கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டான். அக்கா முதல் தடவையாகத் தப்புக் கணக்குப் போட்டுவிட்டாளா?

"பாத்தீங்களா?" பரசுராமன் சிரித்தார். "இதுக்குத்தான் சொன்னேன், இந்த மாதிரி ஆளுங்களை உள்ளே விட்டா..."

பேச்சு பாதியில் நின்றது. பரசுராமன் ஒரு தடவை நெளிந்தார். இருமினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடியும் நெளிந்தார். கூச்சம் தாங்காமல் மேஜையை ஒட்டி வயிற்றை அழுத்திக்கொண்டார். அவ்வளவுதான், ஸ்டீல் மேஜை 'கிர்ர்ர்' என்று அதிர ஆரம்பித்தது. ஆறு டம்ளரும் கிணுகிணுத்துக்கொண்டு ஒன்றை ஒன்று இடித்தன.

"சார்," என்றான் அத்தாவுல்லா பவ்யமாக, "உங்க இடுப்புல யாரோ மாவு அரைக்கிறாங்க."

"அது... மீட்டிங்ல சத்தம் வரக்கூடாதுன்னு அதிர்வுல வச்சிருக்கேன். என்னை யாரோ கூப்பிடறாங்க," என்றார் பரசுராமன், நெளிந்துகொண்டே.

டாக்டரம்மா கையை நீட்டினார். பரசுராமன் பேஜரைக் கழற்றிக் கொடுத்தார். டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார். "டியூட்டி டாக்டர், வேர் ஆர் யூ." பொத்தானை அமுக்கிக்கொண்டே போனார். ஐந்து தடவை அதே சேதி. அப்புறம் நேற்றைய சேதிகள். அப்புறம் முந்தாநாள். அவர் குரல் அப்படியே மாறிவிட்டது. "நாலு பத்து. பெட் ஃபோர்ட்டீன், செஸ்ட் பெயின், கம் அட் ஒன்ஸ்."

சாரா முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

"ஐயோ, நான் பாவி!" என்றாள் சொக்கம்மாள் கதவோரத்திலிருந்து. "மொழுக்குன்னு ரெண்டு டப்பா. ஆபீசருக்கு மொத மருவாதின்னு கைக்கு வந்தத எடுத்து இவருக்குக் குடுத்தேன். மீந்தத டாக்டருக்குக் குடுத்தேன்."

"பன்னெண்டு பேஜர்ல அடையாளம் ஒட்டாதது ரெண்டு பேர்தான்," என்றாள் கார்குழலி. "பொட்டு ஒட்டறதெல்லாம் கௌரவக் குறைச்சல்னு நெனச்ச டாக்டர். அதே மாதிரி நெனச்ச ஆபீசர். பேஜர்ல பேர் வராது, நம்பருக்குத்தான் போகும். அதனால ஒம்பது நாளா டாக்டருக்கு வர வேண்டிய மெசேஜெல்லாம் இவர் இடுப்புக்குப் போயிருக்கு."

"எனக்குத் தெரியாதே! நான் என்னத்தைக் கண்டேன்?" என்றார் பரசுராமன்.

"பேஜர் மாறினது உங்களுக்குத் தெரியாது சார், ஒத்துக்கறேன். சாரா மெசேஜைப் படிச்சீங்களே, அது தெரியும். நோயாளி மூன்றரைக்கே பன்னெண்டுக்கு மாறிட்டார். ரிஜிஸ்டர்ல பன்னெண்டு, அட்டையில பன்னெண்டு, இவ கடிதத்துலயும் பன்னெண்டு. பதட்டத்துல பழைய ஞாபகத்துல பதினாலுன்னு இவ சொன்னது ஒரே ஒரு இடத்துல, அந்த மெசேஜ்ல. உங்க மெமோவுலயும் பதினாலு. வார்டுப் பக்கம் எட்டிப் பாக்காம, பேஜரைப் பாத்து மெமோ அடிச்சிருக்கீங்க. அவ மெசேஜ் அனுப்பினான்னு தெரிஞ்சே அனுப்பலன்னு எழுதினீங்க."

பரசுராமனின் கறுப்பு மின்னும் காது மடல் இப்போது சிவப்பாகிவிட்டது.

"டாக்டரைக் கூப்பிடாம என்னைக் கூப்பிட்டுட்டான்னு நெனச்சேன்," என்றார் தரையைப் பார்த்து. "அப்ப நான் சலூன்ல இருந்தேன். தலையில மை காயற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாதுன்னான். நான் போகலன்னு வெளிய தெரிஞ்சா... அதான்."

டாக்டரம்மா இன்னொரு பேஜரை, ஒன்பது நாள் டாக்டர் எழிலன் இடுப்பில் இருந்ததை, பரசுராமன் பக்கம் தள்ளினார். "இதுதான் உங்களுது."

பரசுராமன் பொத்தானை அமுக்கினார். காலி. மறுபடி அமுக்கினார். அவர் முகத்தைப் பார்க்க அத்தாவுல்லாவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"ஒம்பது நாள்ல எனக்கு ஒண்ணுகூட வரலையா?" என்றார். "மூணு மாசமா இது அடிக்கவே இல்ல. பூஜைக்கு அப்புறம்தான் அடிக்க ஆரம்பிச்சது. ஒரு நாளைக்குப் பத்து, பதினைஞ்சு. எல்லாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யறாங்கன்னு நெனச்சேன். வீட்ல போய் படிச்சுக் காட்டுவேன். ஒண்ணைக்கூட அழிக்க மனசு வரல."

சாரா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உங்களைத்தான் கூப்பிடறோம்னு நெனச்சீங்கல்ல சார்," என்றாள். "அப்ப ஏன் வரல?"

"மெமோ தப்புன்னு எழுதிக் குடுங்க," என்று டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் பரசுராமன் முன்னால் வைத்தார். அவர் எழுதி முடிக்கும்வரை சாரா நின்றுகொண்டே இருந்தாள். பிறகு வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். தேதி போட்டதும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் வார்டுக்குப் படியேறினாள்.